கான்டூர் கோடுகளைப் படிப்பது எப்படி? கொடைக்கானல் ஷீட்டை விரித்துவைத்து ஒரு வழிகாட்டி

டோப்போஷீட்டை, அதாவது மேடு பள்ளத்தைக் கோடுகளால் காட்டும் நில வரைபடத்தை, முதன்முதலாக விரிக்கிறவர் கண்ணுக்குப் படுவது ஒரே பழுப்புச் சிக்கல்தான். ஊர்ப் பெயர் புரியும், சாலை புரியும், மிச்சமெல்லாம் கோடு. கான்டூர், அதாவது சம உயரக் கோடு என்றால் என்னவென்று பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்திருப்போம்; ஒரு மலையைக் காட்டி "இதில் எந்தப் பக்கம் இறங்கலாம்?" என்று யாராவது கேட்டால் அந்தப் படிப்பு கைகொடுக்காது. எனக்கும் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. வனத்தில் வேலை செய்கிறவர்கள், சர்வே ஆட்கள் என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுத்தான் துண்டு துண்டாகச் சேர்த்தேன். அதை ஒரே இடத்தில் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

மலையேற்றத்தில் புதிதாக இறங்கியவர்கள், புவியியல் மாணவர்கள், மலையில் நிலம் வாங்க நினைக்கிறவர்கள், மூன்று தரப்புக்கும் இது உதவும். உதாரணத்துக்கு கொடைக்கானலை எடுத்துக்கொள்கிறேன். ஒரே தாளில் சமவெளி, சுவர்போன்ற சரிவு, மேட்டுநிலம் மூன்றும் அங்கே இருக்கின்றன.

தொடங்கும்முன் அடிப்படை ஒன்று. வைகை அணையில் தண்ணீர் இறங்க இறங்கக் கரையைச் சுற்றி வரிவரியாகத் தடம் விழும், பார்த்திருப்பீர்கள். ஒரு தடம் முழுக்க ஒரே உயரத்தில் இருக்கும்; கரை சாய்வாக இருக்கும் இடத்தில் இரண்டு தடங்களுக்கு நடுவே அகலம் அதிகம், செங்குத்தான இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தடங்களை மேலிருந்து பார்த்து வரைந்தால் அதுதான் கான்டூர்.

1. உங்களுக்கு எந்த ஷீட் வேண்டும்?

நாட்டின் வரைபடங்களைத் தயாரிக்கும் அரசுத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 ஷீட் (தாளில் 2 சென்டிமீட்டர், தரையில் ஒரு கிலோமீட்டர்) ஒவ்வொன்றும் அட்சரேகையில் 15 நிமிடம், தீர்க்கரேகையில் 15 நிமிடம் அகலமுள்ள சதுரம். நம் பகுதியில் அது ஏறத்தாழ 27 கிலோமீட்டருக்கு 27 கிலோமீட்டர். ஊர்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துத் தேடுங்கள்.

பழைய எண் முறை இப்படி: 76 முதல் 80 டிகிரி கிழக்கு, 8 முதல் 12 டிகிரி வடக்கு வரையுள்ள பெரிய சதுரத்துக்கு எண் 58. தமிழ்நாட்டின் மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். அதை ஒரு டிகிரிச் சதுரங்களாகப் பதினாறாகப் பிரித்து ஏ (A) முதல் பி (P) வரை எழுத்து கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தையும் மறுபடி பதினாறாகப் பிரித்து எண். எழுத்தும் சரி, எண்ணும் சரி, வடமேற்கு மூலையில் தொடங்கி மேலிருந்து கீழாக இறங்கி, அப்புறம் அடுத்த வரிசைக்குப் போகும். இடமிருந்து வலமாக எண்ணினால் வேறு எங்கோ போய் நிற்பீர்கள்.

கொடைக்கானல் ஏரி 77 டிகிரி 29 நிமிடம் கிழக்கு, 10 டிகிரி 14 நிமிடம் வடக்கு. அதாவது 58 எஃப்/8. புதிய ஓப்பன் சீரிஸ் முறையில் இதே தாளுக்கு சி43எல்/8 என்று பெயர். கடைசி எண் இரண்டிலும் ஒன்றுதான். ஊட்டி 58 ஏ/11. கொல்லிமலையின் பெரும்பகுதி 58 ஐ/7, தெற்கு ஓரம் 58 ஐ/8.

கொடைக்கானல்காரர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஏரி அந்த ஷீட்டின் வடகிழக்கு மூலையில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது; மேல் ஓரத்திலிருந்தும் வலது ஓரத்திலிருந்தும் தாளில் நான்கு சென்டிமீட்டர்கூட இல்லை. வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்கும் பாதையைப் பார்க்க வேண்டுமென்றால் 58 எஃப்/8 மட்டும் போதாது, வலப்பக்கத்து 58 எஃப்/12 வேண்டும். வடக்கே பழனிச் சரிவு வேண்டுமென்றால் 7, 11 இரண்டும் சேரும். ஆக, நான்கு ஷீட். உங்கள் இடமும் இப்படி ஓரத்தில் விழுகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

2. இறக்குவதும் அச்சடிப்பதும்

சர்வே ஆஃப் இந்தியாவின் இணைய வரைபடத் தளத்தில் பதிவு செய்துகொண்டால் ஓப்பன் சீரிஸ் ஷீட்டுகளை பிடிஎஃப் ஆக இலவசமாக இறக்கலாம். கைபேசி எண், மின்னஞ்சல் இரண்டும் தயாராக இருக்கட்டும். அடையாள விவரம் கேட்டால் தேட வேண்டாம்படி ஆதாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி உட்காராதீர்கள். ஓடிபி வராத ராத்திரியாகத்தான் அது இருக்கும். ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

அச்சடிக்கும்போதுதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஷீட்டின் வரைபடப் பகுதி மட்டும் ஏறத்தாழ 55 சென்டிமீட்டருக்கு 55 சென்டிமீட்டர். ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் கடைக்காரர் நல்ல மனசோடு தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி, ஏ3-ல் அழகாக அடித்துக் கொடுத்துவிடுவார். அளவு கிட்டத்தட்டப் பாதியாகியிருக்கும். ஓரத்தில் 1:50,000 என்றே அச்சாகியிருக்கும், ஆனால் கையில் இருப்பது 1:1,00,000. கோடுகள் நெருங்கி, நடக்கக்கூடிய சரிவெல்லாம் பாறைச்சுவர் மாதிரித் தெரியும்.

ஆகவே இரண்டு வழி. கட்டட பிளான் அச்சடிக்கும் பிளாட்டர் கடையில் ஏ1 தாளில் நூறு சதவீத அளவில் அடியுங்கள். கலரில் அடிக்க ஊரைப் பொறுத்து நூறு, இருநூறு ரூபாய் ஆகலாம். அல்லது உங்களுக்கு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி அதே நூறு சதவீதத்தில் ஏ3-ல் அடியுங்கள். ஒரு ஏ3 தாளில் சுமார் 14 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் அடங்கும், ஒரு நாள் நடைக்கு அது தாராளம். எப்படி அடித்தாலும் கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் ஸ்கேல் வைத்துப் பாருங்கள்: தாளின் அடியில் உள்ள அளவுகோலில் ஒரு கிலோமீட்டர் சரியாக 2 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். வெட்டி அடித்தவர்கள் அந்த அளவுகோலையும் வெட்டி ஒரு மூலையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

காசு மிச்சம் என்று கறுப்பு வெள்ளையில் அடிக்க வேண்டாம். கான்டூர் பழுப்பு, நடைபாதை சிவப்பு, தண்ணீர் இருக்கும் ஓடை நீலம், வறண்ட ஓடை கறுப்பு. நிறம் போனால் நாலும் ஒன்றாகிவிடும்.

அந்தக் கறுப்பு ஓடையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் ஓடைகளில் பாதிக்கு மேல் மழைக்கு ஓடி அப்புறம் காய்ந்து கிடப்பவை. அவற்றை ஷீட்டில் கறுப்பில் போட்டிருப்பார்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள் அதைப் பாதை என்று எடுத்துக்கொள்கிறார்கள். கறுப்புக் கோடு வளைந்து நெளிந்து கான்டூர்களின் கூர்முனைகள் வழியாகவே போகிறதென்றால் அது ஓடை.

3. கோட்டைத் தொடும்முன் ஓரத்தைப் படியுங்கள்

மூன்று விஷயம் பார்த்தால் போதும்.

கான்டூர் இடைவெளி: 1:50,000 ஷீட்டில் நம் பகுதிக்குப் பொதுவாக 20 மீட்டர். இமயமலை ஷீட்டுகளில் 40 இருக்கும். வேறு மாநிலத்து ஷீட்டைப் பார்த்துப் பழகியவர்கள் அதே கணக்கை இங்கே போடக் கூடாது.

அலகு: இணையத்தில் கிடைக்கும் பழைய ஒரு அங்குல ஷீட்டுகளில் (ஒரு மைலுக்கு ஒரு அங்குலம்) உயரம் அடியில் இருக்கும். தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதுவே அடியில் 8,652. தமிழ்நாட்டில் எந்தக் கோட்டிலாவது 3,000 என்று எழுதியிருந்தால் அது அடிதான், மீட்டராக இருக்க வழியே இல்லை.

டேட்டம், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையை எந்த அடிப்படையில் கணக்கிட்டார்கள் என்பது: புதிய ஷீட் டபிள்யூஜிஎஸ் 84-ல் இருக்கும், கைபேசியும் அதே. பழைய ஷீட் எவரெஸ்ட் டேட்டத்தில் இருக்கும். பழைய தாளில் ஜிபிஎஸ் எண்ணை வைத்துப் புள்ளி குத்தினால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். ஓடைக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்ற கேள்விக்கு அது போதுமான தப்பு.

காந்த வடக்கு வேறு, உண்மை வடக்கு வேறு என்று புத்தகங்கள் பயமுறுத்தும். தமிழ்நாட்டில் அந்த வித்தியாசம் ஓரிரு டிகிரிதான். முதல் வருடம் அதை மறந்துவிடலாம்.

4. தடித்த கோட்டைப் பிடியுங்கள்

ஐந்து கோட்டுக்கு ஒரு கோடு தடிமனாக இருக்கும். 20 மீட்டர் இடைவெளி என்றால் தடித்த கோடுகள் 100 மீட்டருக்கு ஒன்று: 1,900, 2,000, 2,100 இப்படி. எண் பெரும்பாலும் இந்தக் கோடுகளில்தான் எழுதியிருக்கும். மெல்லிய கோடுகளை எண்ணி நேரத்தை வீணாக்காதீர்கள். மிகச் செங்குத்தான இடங்களில் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், சில ஷீட்டுகளில் நடுவிலேயே விட்டும்விடுவார்கள். தடித்த கோடு மட்டும் தொடர்ந்து போகும்.

ஒரு கோட்டின் உயரத்தை முடிவுசெய்ய ஒரு எண் போதாது, இரண்டு எண்ணாவது பாருங்கள். 2,000 என்று ஒரு கோட்டில் இருக்கிறது, பக்கத்துத் தடித்த கோட்டில் எண் இல்லை. அது 2,100-ஆ, 1,900-ஆ? அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் எண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.

குன்றின் உச்சியில் கடைசியாக ஒரு சின்ன வட்டம் இருக்கும். அது 1,280 என்றால் உச்சி 1,280-க்கு மேலே, 1,300-க்குக் கீழே. நடுவில் புள்ளி போட்டு எண் எழுதியிருந்தால் அதுதான் அளந்த உயரம். வட்டத்தின் உள்பக்கமாகச் சின்னச் சின்னப் பற்கள் இருந்தால் அது மேடில்லை, குழி. கல்குவாரி மாதிரியான இடங்களில் பார்க்கலாம்.

5. ஓடையா, முகடா?

கோடுகள் கூர்மையாக மடங்கும் இடம் ஒன்று ஓடையாக இருக்கும், இல்லையென்றால் முகடாக இருக்கும். விதி எளிது. கூர்முனை மேட்டைப் பார்த்து இருந்தால் ஓடை. பள்ளத்தைப் பார்த்து இருந்தால் முகடு. ஓடையில் மடிப்பு கூராக இருக்கும், முகட்டில் பெரும்பாலும் மழுங்கி வளைந்திருக்கும்.

படித்தால் புரிந்த மாதிரி இருக்கும், ஷீட்டைப் பார்த்தால் மறந்துபோகும். அதற்கு நான் கண்ட ஒரே வழி வண்ணம் தீட்டுவது. உங்கள் பகுதியில் ஒரு கை அகலத்துக்கு இடம் எடுத்துக்கொள்ளுங்கள். நீல ஸ்கெட்ச் பேனாவால் எல்லா ஓடைகளையும், கறுப்பு ஓடைகள் உட்பட, மேலே மேலே இழுத்துக்கொண்டே போங்கள். ஷீட்டில் போட்ட ஓடை ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேலும் கான்டூர்கள் கூராக மடங்கிக்கொண்டே போகும். மடிப்பு மறையும் வரை நீலத்தை விடாதீர்கள். அப்புறம் ஆரஞ்சு நிறத்தை எடுத்து, இரண்டு நீலங்களுக்கு நடுவில் உள்ள மேடுகள் வழியாக உச்சியிலிருந்து கீழ்நோக்கி இழுங்கள். நீலமும் ஆரஞ்சும் எங்கேயும் வெட்டிக்கொள்ளக் கூடாது. வெட்டினால் இரண்டில் ஒன்று தப்பு. அரை மணி நேர வேலைதான். முடித்ததும் அதே தாள் மலையாக எழுந்து நிற்கும்.

இரண்டு உச்சிகளுக்கு நடுவில் ஆரஞ்சுக் கோடு இறங்கி மறுபடி ஏறும் இடம் ஒன்று இருக்கும். இரு பக்கமும் உயர வட்டங்கள், மற்ற இரு பக்கமும் நீலங்கள் தொடங்கி இறங்கும். அதுதான் கணவாய். ஒரு பக்கத்துப் பள்ளத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போக ஊர்க்காரர்கள் போட்ட ஒற்றையடிப் பாதை பெரும்பாலும் அங்கேதான் கடக்கும். பாதை தொலைந்துவிட்டால் முதலில் தேட வேண்டியதும் அந்த இடத்தைத்தான்.

6. இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து பாருங்கள்

1:50,000-ல் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவில் உயரம் எப்போதும் 100 மீட்டர். இந்த இரண்டை வைத்து எல்லாம் வந்துவிடும்.

இடைவெளி 2 சென்டிமீட்டர்: ஒரு கிலோமீட்டருக்கு 100 மீட்டர் ஏற்றம். வயதானவர்களும் பேசிக்கொண்டே ஏறலாம்.

1 சென்டிமீட்டர்: சுமார் 11 டிகிரி. மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

4 மில்லிமீட்டர்: சுமார் 27 டிகிரி. பாதை இருந்தால் ஏறலாம். பாதை இல்லாமல் புல்லில் இறங்கினால், மழை பெய்திருந்தால், வழுக்கும்.

2 மில்லிமீட்டர்: 45 டிகிரி. கையை ஊன்றாமல் முடியாது. அங்கே போகும் திட்டம் இருந்தால் திட்டத்தை மாற்றுங்கள்.

கோடுகள் ஒன்றாகச் சேர்ந்து பட்டையாகத் தெரிந்தால் பாறைச்சுவர். கொடைக்கானலின் தூண் பாறை 400 அடி, அதாவது ஆறு மெல்லிய கோடுகள் அளவு உயரம். தரையில் அகலமே இல்லாததால் ஆறும் தாளில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும். பேர் பெற்ற அந்தப் பாறையே ஷீட்டில் ஒரு தடித்த கறை மாதிரித்தான் இருக்கும் என்றால், பேரில்லாத பாறைகளை யோசித்துக்கொள்ளுங்கள்.

சரிவு வேறு, பாதையின் ஏற்றம் வேறு. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைச்சரிவு செங்குத்துதான், சாலை கோடுகளைக் குறுக்காக வெட்டாமல், அவற்றோடு சேர்ந்தே போய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் தாண்டுகிறது. ஆகவே உங்கள் பாதை எத்தனை தடித்த கோடுகளை எவ்வளவு நீளத்தில் கடக்கிறது என்று எண்ணுங்கள். அதே கொல்லிமலையில், விளிம்பில் கோடுகள் கொத்தாக இருக்கும், மேலே ஏறியதும் கலைந்து அகலமாகிவிடும். அந்த அகலத்தில்தான் ஊரும் வயலும். மலையில் நிலம் பார்க்கிறவர்கள் விற்பவர் காட்டும் போட்டோவைப் பார்ப்பதற்கு முன் இந்த அகலத்தைப் பார்ப்பது நல்லது.

7. விளிம்பை முன்கூட்டியே கண்டுபிடியுங்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு தடவை படியுங்கள். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

சரிவில் இரண்டு ரகம். மேலே கோடுகள் நெருக்கமாகவும் கீழே வர வர அகலமாகவும் இருந்தால் குழிந்த சரிவு. உச்சியில் நின்றால் அடிவாரம் வரை தெரியும். கஷ்டமான இடம் மேலேயே வந்துவிடுவதால் திரும்புவதா இறங்குவதா என்று அங்கேயே முடிவு செய்யலாம். மேலே அகலமாகவும் கீழே நெருக்கமாகவும் இருந்தால் குவிந்த சரிவு. நிற்கும் இடம் சுகமான புல்வெளி. கீழே எதுவும் தெரியாது. நடக்க நடக்கக் காலடியில் சரிவு கூடிக்கொண்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல் திரும்பி ஏறுவதும் சிரமமாகிவிடும்.

கொடைக்கானலின் தெற்கு விளிம்பு இரண்டாவது ரகம். ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கோடுகள் சோம்பலாக வளைந்து கிடக்கும். வட்டக்கானல் தாண்டித் தெற்கே போனதும் சட்டென்று நெருங்கிவிடும். பெரியகுளம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரியிலிருந்து நேர்கோட்டில் 14 கிலோமீட்டர் அளவுதான், ஆனால் நடுவில் இருப்பது தொண்ணூறு மெல்லிய கோடுகள். அவை சமமாகப் பரவியிருந்தால் பரவாயில்லை. பெரும்பகுதி அந்த விளிம்பை ஒட்டிய குறுகிய பட்டைக்குள் அடைந்துகொண்டிருக்கிறது. கிலோமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு "ஒரு நாளில் இறங்கிவிடலாம்" என்று கிளம்புகிறவர்கள் கால்முட்டி வலியோடு வெள்ளகவியில் உட்கார்ந்திருப்பதை அந்த ஊர்க்காரர்கள் பார்த்துப் பழகியிருப்பார்கள். கிலோமீட்டரைப் பிறகு பாருங்கள், கோடுகளை முதலில் எண்ணுங்கள்.

வீட்டிலேயே செய்ய வேண்டியது இது. உங்கள் பாதையின் இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு, தடித்த கோடுகளின் இடைவெளி 3 மில்லிமீட்டருக்குக் கீழே போகும் இடங்களை எல்லாம் சிவப்பால் நிரப்புங்கள். மதியத்துக்கு மேல் அந்த விளிம்பில் மேகம் ஏறிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. சிவப்பு எந்தக் கைப்பக்கம் இருக்கிறது என்பது அப்போது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று: 20 மீட்டர் இடைவெளி என்பது 20 மீட்டர் அளவுக்குக் குருட்டுத்தனம். 15 மீட்டர் பாறை வெட்டு, அதாவது ஐந்து மாடிக் கட்டட உயரம், இரண்டு கோடுகளுக்கு நடுவில் முழுசாக ஒளிந்துகொள்ளலாம். ஓடைகளில் இது அதிகம். ஓடைவழியே இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று சொல்வார்கள். நம் மலைகளில் ஓடைவழியே இறங்கினால் அருவியின் தலை வந்துவிடும். வழி தெரியாவிட்டால் முகட்டில் நில்லுங்கள், ஓடைக்குள் இறங்காதீர்கள்.

8. நேரக் கணக்கு

1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் போட்ட கணக்கை இன்னமும் பயன்படுத்துகிறார்கள். மீட்டர் கணக்கில் அது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதாவது ஆறு தடித்த கோடுகளுக்கு ஒரு மணி. ஒரு தடித்த கோட்டுக்குப் பத்து நிமிடம். இறங்கும்போது 12 டிகிரிக்கு மேல் செங்குத்தாக இருந்தால், அதாவது தடித்த கோடுகளின் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால், 300 மீட்டருக்குப் பத்து நிமிடம் கூட்டுங்கள்.

கணக்குக்காக, பாதை 6 கிலோமீட்டர், உயரம் 900 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏறினால் 72 நிமிடம், அத்துடன் 90 நிமிடம்: இரண்டே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. இறங்கினால், அந்த 900 மீட்டரும் செங்குத்தான பகுதியிலேயே வருகிறது என்றால், 72-உடன் 30, ஒரு மணி 42 நிமிடம். இது குளிர்நாட்டில் தினம் நடக்கிறவர்களின் வேகம். நம் வெயில், தோள்பை, குழுவில் ஒருவராவது அடிக்கடி உட்காருவது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரையால் பெருக்குங்கள். ஏற்றம் நான்கு மணி நேரம், இறக்கம் இரண்டரை. இதற்கு மேல் சாப்பாட்டு நேரம்.

தூரத்தை அளக்க நூல் வைத்து வளைவு வளைவாக ஒட்டிப் பாருங்கள். கொண்டை ஊசிப் பாதைகளில் தாளில் சின்ன வளைவுகளைக் காட்டியிருக்க மாட்டார்கள், ஆகவே வருகிற நீளத்தோடு கொஞ்சம் சேர்த்துக்கொள்வது நல்லது.

9. கைபேசியை எவ்வளவு நம்பலாம்?

இடத்தைக் காட்டுவதில் நம்பலாம். உயரத்தில் கவனம்.

ஜிபிஎஸ் நேரடியாகத் தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அல்ல, பூமிக்கு வைத்த ஒரு கணித உருவத்திலிருந்து. தென்னிந்தியாவில் அந்த உருவத்துக்கும் கடல்மட்டத்துக்கும் நடுவில் ஏறத்தாழ 90 மீட்டர் வித்தியாசம். உலகத்திலேயே இது அதிகமாக இருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் நாம் இருக்கிறோம். அதனால்தான் மெரினாவில் நின்றுகொண்டு சில செயலிகளில் பார்த்தால் கடலுக்கு அடியில் இருப்பதாகக் காட்டும். கிட்டத்தட்ட ஒரு முழுத் தடித்த கோடு தப்பு. நீங்கள் 2,000 கோட்டில் நிற்கும்போது 1,910 என்று காட்டினால் ஓடையைத் தாண்டி வந்துவிட்டோமோ என்று குழம்புவீர்கள். சில செயலிகள் தாங்களாகவே சரிசெய்துவிடும், சில செய்யாது. கிளம்பும் இடத்திலேயே, ஷீட்டில் உயரம் எழுதியிருக்கும் ஒரு புள்ளிக்கு அருகில் நின்று சோதித்துப் பாருங்கள்.

ஓப்பன்டோப்போமேப், ஆஸ்மாண்ட் மாதிரியான இணைய, கைபேசி வரைபடங்களில் வரும் கான்டூர் கோடுகள் செயற்கைக்கோள், விண்கல ரேடார் தரவிலிருந்து கணினி வரைந்தவை. அதில் முக்கியமான எஸ்ஆர்டிஎம் என்ற விண்கல ரேடார் தரவு 2000 பிப்ரவரியில் எடுத்தது, சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அடர்ந்த சோலையில் அது தரையைவிட மரங்களின் தலையையே அதிகம் பார்க்கும். பாறைச்சுவரைக் கொஞ்சம் சாய்த்து மென்மையாக்கிவிடும். திட்டம் போட நல்லது, விளிம்போரத்தில் நின்று அதை நம்பாதீர்கள்.

யுடிஎம் எண்களை (டிகிரிக்குப் பதிலாக மீட்டரில் இடத்தைச் சொல்லும் முறை, உலகத்தை மண்டலங்களாகப் பிரித்தது) பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும்: 78 டிகிரி தீர்க்கரேகையில் மண்டலம் மாறுகிறது. திண்டுக்கல் 43-ல், மதுரை 44-ல். மதுரையில் அமைத்த கைபேசியைக் கொடைக்கானலில் எடுத்துக் கைமுறையாக எண் போட்டால் புள்ளி எங்கோ விழும்.

10. எங்கே பழகுவது?

முதல் தடவை காட்டுக்குள் போக வேண்டாம். ஷீட்டோடு பேருந்தில் ஜன்னல் சீட் பிடியுங்கள். வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைச்சாலை அதற்கு அருமையான இடம். வலப்பக்கம் ஒரு முகடு வந்தால் தாளில் அதன் ஆரஞ்சைத் தேடுங்கள், பாலம் வந்தால் நீலத்தைத் தேடுங்கள். வாந்தி வருகிற ஆளாக இருந்தால் கோக்கர்ஸ் வாக்கில் நின்று செய்யுங்கள்: தாளை வடக்குப் பார்த்துத் திருப்பிவைத்து, எதிரே தெரியும் ஒவ்வொரு முகட்டுக்கும் கோடுகளில் இடம் கண்டுபிடிக்க வேண்டும். மேகம் ஏறுவதற்கு முன், காலையில் போங்கள்.

காட்டுப் பாதைக்குப் போக அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு விதிகள் இறுகிவிட்டன. ஷீட்டில் சிவப்புப் புள்ளிக்கோடு இருக்கிறது என்பதாலேயே அதில் நடக்க உரிமை வந்துவிடாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் நாற்பது பாதைகளோடு ஆரம்பித்தார்கள், உள்ளூர் வழிகாட்டியும் உடன் வருவார். இணையத்தில் முன்பதிவு, கட்டணம் பாதைக்குப் பாதை வேறு, அடையாள அட்டை எடுத்துப் போங்கள். கோடைக்கு முன் தீ அபாயக் காலத்தில் பாதைகளை மூடுவது உண்டு, ஆகவே பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை திட்டம் போடுகிறவர்கள் முதலில் விசாரித்துவிட்டு லீவு கேளுங்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். முன்பதிவு செய்வதற்கு முன் அந்தப் பாதையின் தடித்த கோடுகளை நீங்களே ஒரு தடவை எண்ணிப் பாருங்கள், அவர்கள் போட்ட வகையோடு ஒத்துப்போகிறதா என்று. வழிகாட்டியிடம் தாளைக் காட்டுங்கள்; ஷீட்டில் இல்லாத ஊற்றும், மூடிப்போன பாதையும் அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதை அங்கேயே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், பேனா வேண்டாம், பனியில் மை ஊறிவிடும்.